குரலுக்கு எந்த கம்ப்ரஸர்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பல்லவியில் பாதிச் சொற்கள் இசைக்குள் மூழ்கிவிடுகின்றன. சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போனதும் அதே குரல் காதைக் குத்துகிறது. கம்ப்ரஸர் (உரத்ததைத் தாழ்த்திக் குரலின் அளவைச் சீராக்கும் கருவி) போட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதைப் போடுவது என்பதில்தான் சிக்கல். லாஜிக் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்தால் கூடவே வரும் ஒரே கம்ப்ரஸருக்குள் ஏழு மாடல்கள். ரீப்பர் என்ற மென்பொருளில் ரீகாம்ப் இருக்கிறது. அது போதாதென்று இலவசமாக இறக்கிய நாலைந்து பிளக்-இன்கள். கடைசியில் பெரும்பாலோர் செய்வது, பேர் பெற்ற ஒன்றை எடுத்து, 'வோக்கல்' என்று எழுதியிருக்கும் பிரீசெட்டை (தயாராக வரும் அமைப்பு) போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான்.

அந்த பிரீசெட்டைச் செய்தவர் உங்கள் பாடகரின் குரலைக் கேட்டதில்லை. அதனால் அது பொருந்தினால் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

முன்னணிக் குரல் டிராக் ஒன்றுக்கு இருக்கும் ஐந்து வழிகளை இங்கே எடை போடலாம்: கையால் அளவைச் சீராக்குவது, ஃபெட், ஆப்டோ, விசிஏ அல்லது டிஜிட்டல், வேரி-மியூ. பின்னவை நான்கும் கம்ப்ரஸர் வகைகள். (கோப்பின் அளவைக் குறைக்கும் எம்பி3 வகைச் சுருக்கம் வேறு விஷயம். இது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது.)

## முதலில், எதை வைத்து முடிவு செய்வது

ஏற்ற இறக்கம் எந்த மட்டத்தில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. குரலின் அளவு மூன்று மட்டங்களில் மாறும். வரிக்கு வரி: பல்லவி மெல்ல, சரணம் உரக்க. சொல்லுக்குச் சொல்: ஒரே வரியில் நெடில் வரும் சொல் தூக்கலாக, அடுத்தது தாழ்ந்து. எழுத்துக்கு எழுத்து: ஒரு 'ப'வோ 'ட'வோ மட்டும் தெறிக்கும். பெரும்பாலான கம்ப்ரஸர் வகைகள் இவற்றில் ஒன்றுக்குத்தான் இயல்பாகப் பொருந்தும். வரி மட்டத்துப் பிரச்சினையை எழுத்து மட்டத்துக் கருவியால் தீர்க்கப் போனால் குரல் நசுங்கும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

கூடவே எது மேலே வருகிறது. கம்ப்ரஸர் உரத்ததைத் தாழ்த்துகிறது. தாழ்ந்ததை ஈடுகட்ட நாம் மேக்கப் கெய்ன் கொடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். த்ரெஷோல்ட் (கம்ப்ரஸர் வேலையைத் தொடங்கும் அளவு) -20 டெசிபல், ரேஷியோ (அதைத் தாண்டியதைச் சுருக்கும் விகிதம்) 4:1. பாடகர் -8ஐத் தொடுகிறார் என்றால் த்ரெஷோல்டை 12 டெசிபல் தாண்டியிருக்கிறார். அந்த 12 இப்போது 3 ஆகிறது. வெளியே வருவது -17. மொத்தக் குறைவு 9 டெசிபல். அதை மீட்க 9 டெசிபல் மேக்கப் கொடுத்தால், பாடாத இடங்களில் -60ல் கிடந்த மின்விசிறிச் சத்தம் -51க்கு வந்துவிடும். மூச்சு, நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம், ஹெட்போனிலிருந்து கசியும் கிளிக் டிராக் எல்லாம் அதே 9 டெசிபல் ஏறும். கம்ப்ரஸரின் விலை என்பது பிளக்-இன்னின் விலை அல்ல, இதுதான்.

வல்லினமும் குற்றியலுகரமும். தமிழில் பாடும் குரலுக்கு இது தனிச் சோதனை. 'பாட்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'பா' நெடில், உரக்க வரும், கம்ப்ரஸர் அழுத்தும். அடுத்து 'ட்'. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஒரு கணம் மௌனம். இழுத்துப் பாடாத வேகத்தில் சுமார் 100 மில்லிசெகண்ட் அல்லது அதற்கும் மேல். அந்த மௌனத்தில் கம்ப்ரஸர் பிடியைத் தளர்த்தத் தொடங்குகிறது. பிறகு 'டு': தெறித்துத் திறக்கும் வல்லினம், உடனே தேய்ந்து மறையும் 'உ'. ரிலீஸ் (பிடியை விட எடுக்கும் நேரம்; பிடிக்க எடுக்கும் நேரம் அட்டாக்) மிக வேகமாக இருந்தால் மௌனத்துக்குள் பிடி முழுக்க விட்டுப்போய், 'ட' சுத்தியலால் அடித்த மாதிரி வரும். மிக மெதுவாக இருந்தால் 'டு' அழுத்தத்திலேயே மாட்டிக்கொண்டு, கேட்பவருக்கு 'பாட்' என்றுதான் விழும். ஆங்கிலப் பாடல்களுக்குச் சொல்லப்படும் ரிலீஸ் அளவுகளை அப்படியே எடுத்துப் போட்டால் சரிவராமல் போவதற்கு இந்த இரட்டிப்பும் ஒரு காரணம். கீழே ஒவ்வொரு வழியையும் இந்தச் சொல்லில் வைத்தும் பார்ப்போம்.

கமகம். அசையும் சுருதியோடு குரலின் அளவும் ஆடும். விநாடிக்கு ஐந்து முறை ஆடுகிறது என்றால் ஓர் ஆட்டத்துக்கு 200 மில்லிசெகண்ட். ரிலீஸும் அந்த அளவையொட்டி இருந்தால் கம்ப்ரஸர் கமகத்தோடு சேர்ந்து மூச்சு வாங்கும். காதுக்கு அது கமகமாகக் கேட்காது, நடுக்கமாகக் கேட்கும்.

நிறமும், நீங்கள் செலவிட வேண்டிய நேரமும் கடைசி இரண்டு. சில வகைகள் அளவைக் குறைப்பதோடு மெல்லிய சிதைவையும் சேர்க்கும். அது வேண்டுமா வேண்டாமா என்பது பாட்டைப் பொறுத்தது.

## ஒரே பார்வையில்

| வழி | இயல்பாகச் சீராக்குவது | வேகம் | மறைந்திருக்கும் செலவு | 'பாட்டு' சோதனை |
|---|---|---|---|---|
| கை வேலை | வரி | நீங்கள் வைப்பதுதான் | நேரம். டேக் மாறினால் மறுபடி முதலிலிருந்து | 'டு'வைத் தனியாக வெட்டி ஏற்றலாம் |
| ஃபெட் | எழுத்து | அட்டாக் 0.02–0.8 மி.செ., ரிலீஸ் 50 மி.செ.–1.1 விநாடி | ஸ, ஷ கூர்மை. மூச்சு முன்னால் வரும் | வேக ரிலீஸில் 'ட' தெறிக்கும் |
| ஆப்டோ | சொல் | அட்டாக் சுமார் 10 மி.செ., ரிலீஸ் இரண்டு கட்டம் | நேரத்தை மாற்ற முடியாது | பெரும்பாலும் சரியாக விழும் |
| விசிஏ / டிஜிட்டல் | நீங்கள் வைக்கும் மட்டம் | முழுக்க உங்கள் கையில் | தவறாக வைக்கும் சுதந்திரம் | 120–200 மி.செ. ரிலீஸில் தேடினால் கிடைக்கும் |
| வேரி-மியூ | வரி, கொஞ்சம் சொல் | ரிலீஸ் மெது | சிபியு சுமை. சொல் முடிவு புதையும் | 'உ' மறையும் |

## கை வேலை: கிளிப் கெய்னும் ஃபேடரும்

இதை ஒரு 'வழி' என்று எண்ணுவோர் குறைவு. ஆனால் வரிக்கு வரி மாறும் அளவைச் சரிசெய்ய இதைவிடச் சுத்தமான கருவி கிடையாது. நிறம் சேர்வதில்லை, அட்டாக் ரிலீஸ் தொல்லை இல்லை.

செய்முறை எளிது. குரல் டிராக்கை வரி வரியாக, தேவைப்பட்டால் சொற்றொடர் வாரியாக வெட்டுங்கள். வெட்டும் இடம் மௌனமாக இருக்கட்டும். 5 முதல் 10 மில்லிசெகண்ட் ஃபேட் வையுங்கள், இல்லாவிட்டால் 'டிக்' கேட்கும். அலைவடிவத்தின் உயரத்தை மட்டும் நம்பாமல் காதால் கேட்டு, வரிகளுக்கிடையே உள்ள வித்தியாசம் 3 டெசிபலுக்குள் வரும்வரை கிளிப் கெய்னை (வெட்டிய துண்டின் சொந்த அளவு) ஏற்றி இறக்குங்கள். மூச்சை அழிக்காதீர்கள். 6 டெசிபல் போலக் குறைத்தால் போதும். முழுக்க எடுத்துவிட்டால் பாடகர் மூச்சே விடாத பொம்மை மாதிரி ஆகிவிடுவார்.

ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். கிளிப் கெய்ன் கம்ப்ரஸருக்கு முன்னால் வேலை செய்கிறது. ஃபேடர் ஆட்டோமேஷன் (பாட்டு ஓடும்போது டிராக்கின் அளவு தானாக ஏறி இறங்கும்படி வைப்பது) பின்னால். கம்ப்ரஸர் சமமாக வேலை செய்ய வேண்டும் என்பதற்கு முன்னது. 'இந்த வரி கொஞ்சம் முன்னால் வரட்டும்' என்ற உணர்ச்சிக்குப் பின்னது. உணர்ச்சிக்காக கிளிப் கெய்னை ஏற்றினால் பின்னால் நிற்கும் கம்ப்ரஸர் அதைத் தாழ்த்திவிடும். ஏற்றியும் ஏறவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

செலவு நேரம். நாலு நிமிடப் பாட்டுக்குப் பழகியவருக்கே அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். பாடகர் வந்து நாலு வரியை மறுபடி பாடிவிட்டுப் போனால் அந்த நாலு வரியில் மீண்டும் முதலிலிருந்து. இன்னொன்று: இரைச்சல் உள்ள அறையில் எடுத்த டிராக்கில் ஒரு வரியை மட்டும் 6 டெசிபல் ஏற்றினால் அந்த வரியின் பின்னணி இரைச்சலும் ஏறி, வரி முடிந்ததும் இறங்கும். இசை நிறைந்த இடத்தில் இது தெரியாது. வெறும் தம்புரா மட்டும் ஒலிக்கும் விருத்தத்தில் பளிச்சென்று தெரியும்.

கச்சேரிப் பதிவுக்கும் விருத்தத்துக்கும் இது ஒன்றே போதும். அங்கே ஏற்ற இறக்கம் பாடகர் தெரிந்து செய்வது. அதைத் தட்டையாக்க நமக்கு உரிமை இல்லை என்பதே என் கட்சி.

## ஃபெட்: 1176 குடும்பம்

பில் பட்னம் வடிவமைத்து 1967ல் வந்த 1176தான் இந்த வகையின் மூலக்கருவி. ஃபீல்ட் எஃபெக்ட் டிரான்சிஸ்டரை வைத்து அளவைக் குறைப்பதால் அந்தப் பெயர். இன்று பிளக்-இன்களில் இதன் நகல்கள் ஏராளம். அனலாக் அப்செஷனின் ஃபெட்டிஷ் போல இலவசமாகவும் கிடைக்கின்றன.

இதில் த்ரெஷோல்ட் குமிழ் இல்லை. த்ரெஷோல்ட் நிலையானது, இன்புட்டை ஏற்ற ஏற்ற அதிகம் அழுத்தும், அவுட்புட்டால் மீட்க வேண்டும். ரேஷியோ நான்கு பட்டன்கள்: 4, 8, 12, 20. புதிதாக வருபவர்களைக் கவிழ்ப்பது அட்டாக், ரிலீஸ் குமிழ்கள். மற்ற கருவிகளில் எண் கூடினால் நேரம் கூடும். இதில் 7தான் மிக வேகம், 1 மிக மெது. 'மெதுவான அட்டாக்' என்று படித்துவிட்டு 7ல் வைத்தவர் குரலின் முனையை முழுக்க மழித்துவிட்டு, மைக் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அதோடு, இதன் மிக மெதுவான அட்டாக்கே 0.8 மில்லிசெகண்ட்தான். டிஜிட்டல் கம்ப்ரஸரில் 'அட்டாக் 10 மில்லிசெகண்ட்' என்று சொல்லும் குறிப்பை இதில் பின்பற்றவே வழியில்லை. அதனால்தான் எழுத்து மட்டத்து வேலைக்கு இது பொருந்துகிறது: வல்லினம் திறக்கும்போதே பிடித்துவிடும்.

தொடங்க ஓர் அமைப்பு: ரேஷியோ 4, அட்டாக் 3, ரிலீஸ் 5. உரத்த வரியில் ஊசி (எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் மீட்டர்) 5 டெசிபல் வரை சாயும்படி இன்புட். பிறகு ரிலீஸ். எண்ணைப் பார்க்காமல் ஊசியைப் பாருங்கள்; அடுத்த சொல் தொடங்குவதற்குள் ஊசி ஏறக்குறைய பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும், ஆனால் 'பாட்டு'வின் நடு மௌனத்துக்குள் முழுக்கத் திரும்பிவிடக் கூடாது. ரிலீஸ் 7ல் 50 மில்லிசெகண்டில் திரும்பிவிடும். ஒவ்வொரு க்க, ட்ட, த்தவும் தெறிக்கும். ராப்புக்கும் கானாவுக்கும் அந்தத் தெறிப்பே அழகு. மெலடிக்கு அது வினை.

அடிக்கடி நடக்கும் தவறு பதிவு அளவில். பழைய கருவிகளின் நகல்கள் பெரும்பாலும் டிஜிட்டலின் உச்ச வரம்புக்கு 18 டெசிபல் கீழே உள்ள அளவை (-18) பழைய மீட்டரின் 0 வியு-வாகக் கொண்டு செய்யப்படுகின்றன. குரலை -3 வரை உரக்கப் பதிவு செய்துவிட்டு இதில் கொடுத்தால், இன்புட்டைக் கணிசமாகக் குறைத்தாலும் ஊசி படுத்தே கிடக்கும். முன்னால் ஒரு கெய்ன் பிளக்-இன் போட்டு 8, 10 டெசிபல் இறக்குங்கள். 24 பிட் பதிவில் உச்சம் -12 வாக்கில் நின்றாலே தாராளம். உரக்கப் பதிவு செய்வதில் லாபம் எதுவும் இல்லை.

இன்னொரு செலவு ஸ, ஷ. 'சந்தோஷம்', 'ஸ்வரம்', 'புஷ்பம்' என்று வடசொற்கள் மலிந்த வரிகளில் ஃபெட் உயிரெழுத்துகளைத் தாழ்த்தி, மேக்கப்பில் எல்லாவற்றையும் ஏற்ற, இந்த உராய்வொலிகள் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். டி-எஸ்ஸரை (இந்த உராய்வொலிகளை மட்டும் தாழ்த்தும் கருவி) இதற்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட ஒன்றை வெட்டுவதாக ஆகும்.

## ஆப்டோ: எல்ஏ-2ஏ குடும்பம்

1960களில் கலிபோர்னியாவின் பசடீனாவில் ஜிம் லாரன்ஸின் டெலட்ரானிக்ஸ் செய்த கருவி. உள்ளே டி4 என்றொரு சிறு டப்பா. அதில் ஒளிரும் தகடு ஒன்றும், ஒளி பட்டால் மின்தடை மாறும் காட்மியம் சல்ஃபைடு செல்லும் எதிரெதிரே இருக்கும். குரல் உரத்தால் தகடு ஒளிரும். செல்லின் தடை குறையும். ஒலியின் அளவு தாழும். முழு ரகசியமும் அந்தச் செல்லின் சோம்பலில் இருக்கிறது. ஒளி அணைந்ததும் அது உடனே பழைய நிலைக்கு வராது. பாதித் தூரத்தைச் சுமார் 60 மில்லிசெகண்டில் கடக்கும். மீதியைக் கடக்க அரை விநாடி முதல் 5 விநாடி வரை எடுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக ஒளி பட்டதோ அந்த அளவுக்கு மந்தம் கூடும்.

'பாட்டு'வை இதில் போட்டுப் பாருங்கள். நடு மௌனத்தில் பிடி பாதி தளர்கிறது, பாதி நிற்கிறது. 'ட' தெறிப்பதில்லை, 'உ' புதைவதும் இல்லை. சொல் மட்டத்தில் கைவைக்காமலே சீராகிவிடுகிறது. நெடில் நீட்டிப் பாடும் மெலடிக்கும் மெல்லிசைக்கும் இதை விடப் பொருத்தமானது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கமகத்திலும் நடுக்கம் வராது. பின்பாதி ரிலீஸ் அவ்வளவு மெது.

குமிழ்கள் இரண்டுதான்: கெய்ன், பீக் ரிடக்ஷன். கூடவே கம்ப்ரஸ், லிமிட் என்று ஒரு சுவிட்ச். கம்ப்ரஸில் வைத்து, உரத்த வரியில் 3 முதல் 5 டெசிபல் குறையும்வரை பீக் ரிடக்ஷனைத் திருப்புங்கள். தாழ்ந்த வரியில் ஊசி அசைந்தும் அசையாமலும் இருந்தால் சரி.

எங்கே சறுக்கும்? சரணத்தின் உச்சத்தில் 10 டெசிபலுக்கு மேல் அழுத்த விட்டால், அடுத்து மெல்ல வரும் பல்லவியின் முதல் சொல் அமுங்கிப் பிறக்கும். செல் இன்னும் விழிக்கவில்லை. தீர்வு வேறு கம்ப்ரஸர் வாங்குவது அல்ல. சரணத்தை முன்பே கிளிப் கெய்னில் 4 டெசிபல் இறக்கிவிட்டு வருவதுதான். அடுத்தது, 10 மில்லிசெகண்ட் அட்டாக்குக்குள் வல்லினத்தின் முனை தப்பிப் போய்விடும். குரலுக்குத் தெளிவு தருவதும் அந்த முனைதான், சில பாடகர்களிடம் தொல்லை தருவதும் அதேதான். வேகமாகச் சொற்களை அடுக்கும் பாட்டில் ஆப்டோ பிந்திக்கொண்டே இருக்கும், போடவே வேண்டாம்.

மைக்குக்கு மிக அருகில் பாடியிருந்தால் அடிக்குரல் வீங்கியிருக்கும். 'ப' வரும்போது காற்றும் அடித்திருக்கும். அந்தத் தாழொலியே ஒளியை ஏற்றி மொத்தக் குரலையும் தாழ்த்திவிடும். கம்ப்ரஸருக்கு முன்னால் 80 முதல் 100 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழே உள்ள தாழொலியை வெட்டுவது) போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இது எல்லா வகைக்கும் பொருந்தும் என்றாலும், ஆப்டோவின் மறதியின்மையால் இங்கே ஒரு 'ப' செய்யும் சேதம் அடுத்த சொல் வரை நீளும்.

## விசிஏ, டிஜிட்டல்: கூடவே வருவது

டேவிட் பிளாக்மர் 1970களில் டிபிஎக்ஸ் 160ல் கொண்டுவந்த விசிஏ (மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கி) வகை, உச்சத்தைப் பார்க்காமல் சராசரிச் சக்தியைப் பார்த்து வேலை செய்தது. இன்று எல்லா மென்பொருளிலும் கூடவே வரும் கம்ப்ரஸர் இந்த வழியில் வந்ததுதான். அட்டாக், ரிலீஸ், ரேஷியோ, 'நீ' (knee: த்ரெஷோல்டை ஒட்டி அழுத்தம் எவ்வளவு படிப்படியாகத் தொடங்கும் என்பது), எல்லாம் உங்கள் கையில். டோக்கியோ டானின் கோட்டல்னிகோவ் இலவசப் பதிப்பு, காக்கோஸின் ரீகாம்ப் இரண்டும் காசு கொடுத்து வாங்குபவற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

தொடக்க அளவு: ரேஷியோ 3:1, அட்டாக் 10 முதல் 15 மில்லிசெகண்ட், ரிலீஸ் 150, 'நீ' 6 டெசிபல். த்ரெஷோல்டை உரத்த வரியில் 4, 5 டெசிபல் குறையும்வரை இறக்குங்கள். பிறகு 'பாட்டு' போன்ற ஒரு சொல்லைச் சுழலில் ஓடவிட்டு ரிலீஸை 120க்கும் 200க்கும் இடையே நகர்த்துங்கள். 'ட' தெறிப்பது நிற்கும் இடத்துக்கும் 'உ' மறையத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கும். அதுதான் அந்தப் பாட்டின் ரிலீஸ். கமகம் நிறைந்த பாட்டில் இந்த வீச்சே நடுக்கத்தைத் தரும். அங்கே ரிலீஸை 400க்கு மேல் தள்ளி, குறைப்பை 2 டெசிபலோடு நிறுத்துங்கள்.

இந்தச் சுதந்திரத்துக்கும் விலை உண்டு. அட்டாக்கை 0.1க்கும் ரிலீஸை 10, 20க்கும் இறக்கினால் ஆண் குரலின் அடி கரகரக்கும். 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட். கம்ப்ரஸர் அந்த ஒரே சுற்றுக்குள் அளவை ஏற்றி இறக்கினால் அலையின் வடிவமே மாறிவிடுகிறது. ஆட்டோ மேக்கப் இன்னொரு கண்ணி. போட்டவுடன் சத்தம் கூடும். சத்தம் கூடியது நன்றாக இருப்பதாகவே காது சொல்லும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். லுக்-அஹெட் (வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து அழுத்துவது) இருந்தால் அத்தனை மில்லிசெகண்ட் தாமதம் சேரும். மிக்ஸில் பரவாயில்லை, பாடகர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும் நேரத்தில் வைக்காதீர்கள்.

எஸ்எஸ்எல் நிறுவனத்தின் பஸ் கம்ப்ரஸரும் (பஸ் என்பது டிராக்குகளை அனுப்பிச் சேர்க்கும் ஒலிப்பாதை) விசிஏதான். பேர் பெரிது என்பதால் குரலில் போட்டுப் பார்க்கத் தோன்றும். அது மொத்த மிக்ஸையும் ஒட்டுவதற்கான கருவி. தனிக் குரலுக்கு அதன் படிக்கட்டு அமைப்புகள் கொஞ்சம் முரடு.

## வேரி-மியூ

வால்வுகளின் (பழைய வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழாய்கள்) பெருக்கத்தையே மாற்றி அளவைக் குறைக்கும் வகை. ரெய்ன் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்ட் 670ல் 20 வால்வுகள், எடை ஏறக்குறைய 30 கிலோ. அதன் ஒற்றைச் சேனல் தம்பியான 660ஐ அபே ரோட் ஸ்டுடியோவில் பீட்டில்ஸின் குரல்களுக்குப் பயன்படுத்தினார்கள். குரலுக்கு உதவாது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் ரேஷியோ நிலையாக இருக்காது. சத்தம் கூடக் கூட அழுத்தமும் கூடும். 670ல் மிக வேகமான ரிலீஸே 0.3 விநாடி. குரல் முழுவதும் ஒரு போர்வைக்குள் வந்த மாதிரி இனிமையாக இருக்கும். சொல் முடிவுகள் புதையும். நம் பாட்டுகளில் சொல் விளங்காவிட்டால் பாட்டே போயிற்று. எனவே முன்னணிக் குரலுக்கு முதல் தேர்வாக இதைச் சொல்ல மாட்டேன். கோரஸ் குழுவை ஒன்றாக்கி 2 டெசிபல் அழுத்த, அல்லது முழு மிக்ஸில் 1 டெசிபல் வைக்க, நன்றாக இருக்கும். நல்ல நகல்கள் சிபியுவை விழுங்குபவை. பழைய மடிக்கணினியில் நாலு டிராக்கில் போட்டால் பிளேபேக் திக்கும்.

## இரண்டைச் சேர்ப்பது

ஒரே கம்ப்ரஸரில் 8 டெசிபல் குறைப்பதைவிட, ஃபெட்டில் 2, 3 டெசிபலும் அதன்பின் ஆப்டோவில் 3, 4 டெசிபலும் குறைப்பது காதுக்கு இயல்பாக இருக்கும். முதலாவது எழுத்தைப் பிடிக்கிறது. தெறிப்புகள் போனபின் இரண்டாவது சொல்லை நிதானமாகச் சமன் செய்கிறது. வரிசை மாறினால், தெறிப்புகள் ஆப்டோவைத் தாண்டி வந்து ஃபெட்டைத் துள்ள வைக்கும். ஆப்டோவுக்குப் பிறகு குரலை இன்னும் முன்னால் தள்ள வேண்டுமென்றால் மட்டும் அந்த வரிசை.

பேரலல் என்பது வேறு. குரலை ஒரு பஸ்ஸுக்கு அனுப்பி, அங்கே 10 டெசிபலுக்கு மேல் நசுக்கி, அசல் குரலுக்கு அடியில் 10 டெசிபல் தாழ்வாகக் கலப்பது. 1176ல் நான்கு பட்டன்களையும் ஒருசேர அழுத்தும் முறை இங்கேதான் உபயோகம். உச்சங்கள் அசலிலிருந்தும் மெல்லிய விவரங்கள் நசுக்கிய பிரதியிலிருந்தும் வரும். இதன் செலவு: இரைச்சலும் ஸ, ஷவும் கூடும், அதனால் அனுப்பும் வழியிலேயே டி-எஸ்ஸர் வேண்டும். பிளக்-இன் தாமதத்தை மென்பொருள் ஈடு செய்யவில்லை என்றால் இரண்டு பிரதிகளும் சில மில்லிசெகண்ட் விலகி, குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஒலிக்கும்.

பறைக்கும் மிருதங்கத்துக்கும் பேரலல் அருமையாக வேலை செய்யும் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். நேரடியாக வேக அட்டாக் வைத்தால் அடியின் முனைதான் முதலில் சாகும். பறையில் சிண்டுக்குச்சியின் சுள்ளென்ற ஒலி போய்விட்டால் மிஞ்சுவது தகரச் சத்தம்.

## அப்படியானால் எது

மெலடி, மெல்லிசை, பக்திப் பாடல்: கிளிப் கெய்ன், அதன்மேல் ஆப்டோ. ஆப்டோ இல்லையென்றால் டிஜிட்டலில் மேலே சொன்ன அமைப்பு. கேட்பவர் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

ராப், கானா, மேடைக் கூச்சல் போன்ற குரல்: ஃபெட். அது போதாதபோது பேரலல்.

மின்விசிறியும் தெருவும் கேட்கும் அறையில் எடுத்த குரல்: கை வேலையே பிரதானம், கம்ப்ரஷன் மொத்தம் 3 டெசிபலுக்கு மேல் வேண்டாம். மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். இப்படிப்பட்ட டிராக்குக்குப் புது பிளக்-இன் வாங்கும் காசில் ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கி, விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி பாட வைப்பது மேல்.

கமகம் நிறைந்த செவ்வியல் குரல்: கை வேலை மட்டும்; மிஞ்சினால் ஆப்டோவில் 2 டெசிபல்.

ஸ்ட்ரீமிங்கில் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் குரலை நசுக்குவது வீண் வேலை. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும் -14 லஃப்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவந்துதான் ஒலிக்கிறது. -8ல் மாஸ்டர் செய்து அனுப்பினால் 6 டெசிபல் இறக்கிவிடும். நசுங்கியது மட்டும் நசுங்கியபடியே நிற்கும்.

## ஒப்பிடும் முறை

பாட்டில் 20 விநாடித் துண்டு ஒன்று எடுங்கள். பல்லவியின் மிகத் தாழ்ந்த வரியும் சரணத்தின் மிக உரத்த வரியும் அடுத்தடுத்து வரும்படி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்ப்ரஸரையும் தனித்தனி டிராக்கில் வைத்து, அவுட்புட்டை பைபாஸ் நிலையோடு (கம்ப்ரஸரை அணைத்த நிலை) அரை டெசிபலுக்குள் சமமாக்குங்கள். இந்தச் சமன் செய்யாமல் ஒப்பிட்டால் உரத்ததுதான் ஜெயிக்கும். சோலோவில் கேட்காதீர்கள், முழு இசையோடு கேளுங்கள். சோலோவில் அசிங்கமாகத் தெரியும் 6 டெசிபல் குறைப்பு மிக்ஸுக்குள் சரியாக உட்காரும், சோலோவில் அழகான 2 டெசிபல் மிக்ஸுக்குள் காணாமலே போகும்.

கடைசியாக ஃபோனின் ஸ்பீக்கரில், அடுத்த அறையில் தொலைக்காட்சி ஓடும் அளவுக்குச் சத்தம் இருக்கும்போது, வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேளுங்கள். பாட்டு, காற்று, நேற்று, கிழக்கு என்று முடியும் சொற்களைத் தேடுங்கள். கடைசி 'உ' விழாத இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா வரியிலும் விழவில்லை என்றால் ரிலீஸைக் குறைக்க வேண்டும். மூன்று நாலு இடத்தில் மட்டும்தான் என்றால் கம்ப்ரஸரைத் தொடாதீர்கள். அந்த எழுத்துகளை மட்டும் வெட்டி 3 டெசிபல் ஏற்றுங்கள்.